நான்கு நிமிடத் தீவு

ஷாம்பு வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் என் புருஷன் தெமிஸ் ஒரு தீவை வரைந்தான். என் பார்லரில் அப்போது அவன் கைக்குக் கிடைத்தது புருவம் தீட்டும் பென்சில்தான். முதலில் ஒரு நேர்கோடு. அது துறை. கோட்டின் மேல் இரண்டு தடித்த புள்ளிகள். அவை வடம் மாட்டும் இரும்பு முளைகள். பிறகு மூன்று மரங்கள், மஞ்சள் நாற்காலி போட்ட காப்பிக்கடை, ஒரு தண்ணீர்க் குழாய், பச்சைக் கதவு வைத்த வீடு, பதினேழு படிகள். படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாலை கிளம்பி மேலே ஏறி, ஒரு மதிலைச் சுற்றி வளைந்தது. அங்கே பென்சில் நின்றது.

“அப்புறம்?” என்றேன்.

“அவ்வளவுதான்.”

“தீவே அவ்வளவுதானா?”

“வளைவு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல கப்பல் கதவுலேருந்து தெரியாது.”

அட்டையில் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. அதை வாங்கிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தேன். சாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அரை மணி நேரம் பார்க்க வேறு எதுவும் இருக்காது. ஒரு வாரத்தில் ஏதென்ஸ் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கெரட்சினியில் பாதிப் பேருக்கு நாங்கள் ப்ராசோ தீவுக்குப் போவது தெரிந்துவிட்டது.

தெமிஸ் முப்பத்தொரு வருடம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தான். கப்பலின் பின்பக்கத்து இரும்புக் கதவு அவன் பொறுப்பு. துறை நெருங்கும்போது கப்பல் திரும்பிப் பின்புறமாக வரும். கதவு இறங்கும். கரையில் நிற்கும் ஆளுக்கு அவன் மெல்லிய கயிற்றை வீசுவான். அந்த ஆள் அதை இழுத்தால் பின்னாலேயே கனத்த வடம் வரும். வடத்தின் கண்ணியை முளையில் மாட்டினால் கப்பல் நிற்கும். கழற்றித் தண்ணீரில் போட்டால் கப்பல் கிளம்பும். பெரிய தீவுகளில் இதற்கு நடுவே அரை மணி நேரம் ஆகும். நாக்சோஸ் தீவைத் தாண்டி, கடைசிக்கு முந்திய நிறுத்தமான ப்ராசோவில் நான்கு நிமிடம். நான்கு பேர் இறங்குவார்கள், மூன்று பேர் ஏறுவார்கள், மாவு மூட்டைகள் கைமாறும், சில நாள் ஓர் ஆடு. கப்பல்காரர்கள் அந்தத் தீவைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘நாலு நிமிஷம்’ என்பார்கள்.

இருபத்தேழு வருடம், வாரத்துக்கு இரண்டு முறை, அவன் அந்தக் கதவின் நுனி வரை வந்து நின்றிருக்கிறான். துறையில் கால் வைத்ததில்லை. மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றான். மறுநாள் காலை காப்பியைக் கலக்கிக்கொண்டே, “ஆகஸ்டுல ப்ராசோ போயி பத்து நாள் இருக்கலாமா?” என்றான். வெண்டைக்காய் வாங்கலாமா என்று கேட்பதுபோலக் கேட்டான். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது.

எங்கள் கல்யாணத்தில் ஆகஸ்டு மாதம் கிடையாது. ஊர் முழுவதும் தீவுகளுக்குக் கிளம்பும் மாதத்தில் கப்பல்காரன் வீட்டில் இருக்க மாட்டான். எங்கள் கட்டடத்தில் பதினான்கு வீடுகள். ஜூலை முடியும்போது ஒவ்வொரு கதவாகத் திறக்கும். ஒவ்வொருவரும் ஒரு பூந்தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி மூன்றாம் மாடிக்கு என் வாசலுக்கு வருவார்கள். மல்லிகை, எலுமிச்சை, திருநீற்றுப்பச்சிலை, பெயர் தெரியாத முள்செடி. பொப்பி எங்கேயும் போக மாட்டாள் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போன ஆகஸ்டில் என் பால்கனியில் நாற்பத்திரண்டு தொட்டிகள் இருந்தன. காலையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும். எந்தக் கப்பலில் என் புருஷன் இருக்கிறான் என்று ஊதல் சத்தத்தை வைத்தே எனக்குச் சொல்லத் தெரியும்.

இந்த வருடம் ஜூன் பத்தாம் தேதியே லிஃப்டில் ஒரு காகிதம் ஒட்டினேன். ‘ஆகஸ்டு 4 முதல் 14 வரை செடிகள் வாங்கிக்கொள்ளப்பட மாட்டா. மூன்றாம் மாடி பொப்பி வெளியூர் போகிறாள்.’ வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து ‘வெளியூர்’ என்பதை அடித்து ‘தீவுக்கு’ என்று எழுதினேன். பிறகு வேலை எதுவும் இல்லாமலே இரண்டு முறை லிஃப்டில் ஏறி இறங்கினேன். மாலைக்குள் அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இது அநியாயம்.’ அதற்கும் அடியில் வேறொரு கையெழுத்து: ‘திரும்பியே வராதே பொப்பி.’

கப்பல்காரன் மனைவிக்குப் புருஷனை வழியனுப்பத் தெரியும். வரவேற்கத் தெரியும். நடுவில் இருப்பது பழக்கமில்லை. அவன் ஓய்வு பெறும்வரை நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தது அதிகபட்சம் பதினோரு நாள். அவன் மணிக்கட்டு முறிந்தபோது. ஆறாம் நாள் தட்டுத் துடைக்கும் துணியை எங்கே தொங்கவிடுவது என்பதில் சண்டை வந்தது. ஏழாம் நாளிலிருந்து மாவுக்கட்டோடு துறைமுகத்துக்குப் போய் மாலையில் வந்தான். இப்போது ஓய்வு பெற்ற பிறகும் அதுதான் நடந்தது. காலை ஏழு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். ஏழரைக்குத் தன் பழைய கப்பல் போவதைப் பார்ப்பான். பத்து மணிக்கு ரொட்டியோடு வருவான். நான் எதுவும் கேட்டதில்லை. தீவு எப்படி இருக்கும் என்பது எனக்குக் கவலையாக இல்லை. நான்காம் தேதி அந்தக் கதவு திறக்கும்போது இவன் இறங்குவானா என்பதுதான் கவலை. உடம்பு இறங்கிவிடும். அவன் இறங்க வேண்டும்.

ஆனாலும் நீச்சல் உடை வாங்கினேன். கறுப்பில் வெள்ளைப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை பார்லரின் ஷட்டரை இறக்கிவிட்டு, நீளக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது வயது. முன்னாலும் பார்த்தேன், கைக்கண்ணாடி வைத்துப் பின்னாலும் பார்த்தேன். பரவாயில்லை என்று தோன்றியது. அதைக் கழற்றாமலே ஒரு மணி நேரம் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அறை விஷயம் வெளியே வந்தது ஜூலை முதல் வாரத்தில். முதல் மாடி அர்கிரோ அக்காவுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். தலை முழுக்க வெள்ளித்தாள் மடிப்புகளோடு அவள் கண்ணாடியில் தெமிஸைப் பார்த்தாள்.

“ரூம் போட்டாச்சா தெமி? ஆகஸ்டுல நாய்க்குக்கூட இடம் கிடைக்காது.”

“போட்டாச்சு.”

“எந்த ஓட்டல்?”

“நிகித்தாஸ்கிட்ட சொல்லிட்டேன்.”

நிகித்தாஸ் யார் என்று எனக்குத் தெரியும். ப்ராசோ துறையில் வடம் பிடிக்கிறவர். இருபத்தேழு வருடமாக இவன் வீசுகிற கயிற்றை அவர் பிடிக்கிறார். இருவரும் நான்கு நிமிடம் நான்கு நிமிடமாகச் சிநேகம் ஆனவர்கள். இவன் பேட்டரி கொண்டுபோவான், ரேடியோ ரிப்பேர் செய்து கொண்டுபோவான், படிக்கிற கண்ணாடி. அவர் ஈரத்துணியில் சுற்றிய ஆட்டுப் பாலாடைக்கட்டி கொடுப்பார். அந்தத் துணியைத் துவைத்து நான் திருப்பி அனுப்புவேன். அந்தக் கோடுபோட்ட துணிகளை அவர் மனைவி இறந்த வருடம்வரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேறு துணிகள் வந்தன.

“சொல்லிட்டேன்னா எப்படிச் சொன்ன?” என்று கேட்டது நான்.

“கடைசி டிரிப்ல. கதவுலேருந்து. ஆகஸ்டு நாலு, பத்து நாள், நானும் என் பொண்டாட்டியும் வர்றோம், தங்க ஒரு இடம் வேணும்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“கண்ணியக் கழட்டிக்கிட்டு இருந்தார். கழட்டிப் போட்டுட்டு, நிமிர்ந்து நெஞ்சுல கை வெச்சார்.”

“வாயைத் திறந்து எதுவும்?”

“கப்பல் கிளம்பிடுச்சு.”

அர்கிரோ அக்கா வெள்ளித்தாள்கள் சலசலக்கத் திரும்பினாள். “இந்தா பாரு பொப்பி. என்கிட்ட நெஞ்சுல கை வெச்சு சத்தியம் பண்ணினது ரெண்டே பேரு. ஒருத்தன் ஃபிரிட்ஜ் வித்தவன். இன்னொருத்தன் என் புருஷன். ஃபிரிட்ஜ் இன்னும் ஓடுது.”

“அவர் நம்பர் குடு, நான் பேசிடறேன்,” என்றேன்.

“நம்பர் எதுக்கு? வாரம் ரெண்டு தடவை பார்க்கிற ஆளு.”

“சரி, குடும்பப் பேரு?”

தெமிஸ் யோசித்தான். சாயக் கிண்ணத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான்.

“கேட்டதில்லை,” என்றான்.

நாங்கள் சிரித்து முடிக்க வெகுநேரமானது. அர்கிரோ அக்காவுக்குச் சாயம் ஐந்து நிமிடம் அதிகம் ஊறி, அந்தக் கோடை முழுவதும் அவள் செம்பு நிறத் தலையோடு திரிந்தாள்.

சாயங்காலங்களில் பால்கனியில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று பந்தயம் கட்டினோம். கோயில் என்றான் அவன். கடல் என்றேன் நான். “கடல் எப்படி இருக்கும்? கடல் இந்தப் பக்கம் இருக்கு.” “தீவுடா தெமி. எல்லாப் பக்கமும் கடல்தான்.” அவன் அசந்துபோய் என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாத் தீவுக்கும் ஒரே ஒரு பக்கம்தான்.

இறங்குவதற்குப் பயிற்சியும் கொடுத்தான். பெட்டிகளோடு என்னை நடைக்கூடத்தில் நிறுத்தி, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டான்.

“இருபது நிமிஷம் முன்னாடியே கீழ வண்டித்தளத்துக்கு வந்துடணும். பை ரெண்டு கையிலயும். கதவு முழுசா இறங்கறவரைக்கும் அசையக் கூடாது. இறங்கினதும் நேரா நட. குனியாதே. நிக்காதே. யாருக்கும் உதவி பண்றேன்னு நடுவுல நிக்காதே. திரும்பிப் பார்க்காதே.”

“நான் லீவுக்குப் போறேனா, சண்டைக்குப் போறேனா?”

“நாலு நிமிஷம் பொப்பி. சிரிக்காதே. ஒரு தடவை ஒரு பொம்பள செருப்பு கழண்டு நின்னா, அடுத்த தீவுலதான் இறக்கி விட்டோம்.”

இரண்டாவது முறை ஐம்பது வினாடியில் சமையலறையை அடைந்தேன். அவன் குறித்துக்கொண்டான்.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி, கப்பலில் சமையல்காரனாக இருக்கும் லாம்பிஸ் முடி வெட்டிக்கொள்ள வந்தான். பெண்கள் பார்லர்தான். ஆனால் கப்பல்காரர்களுக்கு நான்தான் வெட்டுவேன். கழுத்தில் துண்டோடு அட்டையைப் பார்த்துச் சொன்னான்: “நாலு நிமிஷத்துலயா தங்கப் போறீங்க? அங்க உங்க ஆளு இல்லையே தெமி அண்ணே. ரெண்டு வாரமா ஒரு பொம்பளதான் வடம் பிடிக்குது.”

தெமிஸ் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தான். இன்னொரு முறை மடித்தான். “அவருக்கு என்ன?” என்றான்.

“தெரியல அண்ணே. நாலு நிமிஷத்துல என்ன கேக்கறது.”

மறுநாள் காலை நான்தான் தீவின் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“நிகித்தாஸ்னா எந்த நிகித்தாஸ்?” என்றாள். “இங்க கோயிலே நிகித்தாஸ் கோயில்தான். வீட்டுக்கு ஒரு நிகித்தாஸ். எங்க வீட்டுல ரெண்டு.”

“துறையில வடம் பிடிக்கிறவர்.”

“ஓ, அவரா. இடுப்பு ஆபரேஷன். ஏதென்ஸ் போயிருக்கார். பதினைஞ்சாம் தேதிக்கு மேலதான் வருவார்.”

“அவர்கிட்ட ஒரு ரூம் சொல்லியிருந்தோம்.”

“அவர்கிட்ட ஏதும்மா ரூம்? அவர்கிட்ட ஆடு இருக்கு.”

தீவில் வாடகைக்கு இருப்பது பத்தொன்பது அறைகள், பிப்ரவரியிலேயே நிரம்பிவிட்டன என்றாள். நிகித்தாஸ் கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை. அவர் மகள் பகலெல்லாம் ஆடுகளோடு மேட்டில் இருப்பாள், அங்கே சிக்னல் கிடைக்காது. உங்கள் நம்பரைக் கொடுங்கள், சொல்லிவிடுகிறேன் என்றாள். கொடுத்தேன். ஐந்து நாள் ஆகியும் யாரும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் மாலை தெமிஸ் பால்கனிக்கு வந்து உட்கார்ந்தான்.

“அர்கிரோ அக்காவோட சொந்தக்காரங்க வீடு ஏயினா தீவுல காலியா இருக்காம்,” என்றான். “ஒரு மணி நேரம்தான். படகு எப்பவும் இருக்கு. வேணும்னா அன்னிக்கே திரும்பிடலாம்.”

“ம்.”

“மொட்டை மாடியிலேருந்து பார்த்தா போற வர்ற எல்லாக் கப்பலும் தெரியுமாம்.”

அவன் குரலில் வருத்தம் இல்லை. முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவனின் குரல்போல இருந்தது. எதிரே பெரிய கப்பல் ஒன்று விளக்குகளைப் போட்டுக்கொண்டு அலைத்தடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

“தெமி, உனக்குப் பயமா இருக்கா?”

அவன் கப்பல் திரும்புவதைப் பார்த்தான்.

“கதவு மூடறப்ப நான் எப்பவும் உள்ளதான் இருந்திருக்கேன்,” என்றான்.

நான் எழுந்து உள்ளே போனேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு விரிப்புகள், ஒரு ரப்பர் பாய், அவனுடைய பழைய கப்பல் கம்பளி. எல்லாவற்றையும் கொண்டுவந்து அவன் மடியில் போட்டேன்.

“இது என்ன?”

“படுக்கை. துறையில மூணு மரம் இருக்குல்ல. நீயே வரைஞ்சிருக்க. தண்ணிக் குழாயும் இருக்கு.”

“போலீஸ் விரட்டும்.”

“அம்பத்தொம்பது வயசுக்காரிய எவன் விரட்டறான்னு பார்க்கிறேன். நான் லிஃப்டுல எழுதி ஒட்டியாச்சு தெமி. இனிமே செடிக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்.”

அவன் கம்பளியைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. லாம்பிஸ் வந்துபோன பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். “மரத்துக்குக் கீழ காத்து வரும்,” என்றான். “தார்ப்பாய் வேணும்.” எழுந்து போய்த் தேடினான். டார்ச் எடுத்தான். கத்தி, தீப்பெட்டி, முடிச்சுப் போட மெல்லிய கயிறு பத்து மீட்டர். அறை இல்லாமல் போன பிறகுதான் பயணம் பெரிதானது. மேப்பைப் பார்ப்பதுபோல அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு, எந்த மரத்துக்கும் எந்த மரத்துக்கும் நடுவே கட்டுவது என்று விவாதித்தோம். வடக்கிலிருந்து காற்று வரும், அதனால் காப்பிக்கடைப் பக்கத்து மரம் என்றான் அவன். காப்பிக்கடைப் பக்கம் என்றால் எழுந்ததும் காப்பி என்றேன் நான். இருவரும் ஒரே மரத்தைச் சொன்னது பிறகுதான் தெரிந்தது.

நான்காம் தேதி காலை படியிறங்கும்போது அர்கிரோ அக்கா வாசலில் நின்றாள். கட்டடத்துத் தொட்டிகள் எல்லாம் அவள் வீட்டுக்குப் போயிருந்தன. “உன்னாலதான் என் பால்கனி காடாச்சு,” என்றாள். “உன் செடிய மட்டும் ஏன் தூக்கிட்டுப் போற?”

என் கையில் என் திருநீற்றுப்பச்சிலைத் தொட்டி இருந்தது. “அதுவும் எங்கேயும் போனதில்ல,” என்றேன்.

கப்பலில் தெமிஸுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பயணிகள் கூடத்தில் அவன் உட்கார்ந்ததே கிடையாது. நாற்காலியின் நுனியில் ஐந்து நிமிடம், கம்பியோரம் ஐந்து நிமிடம். அலைத்தடுப்பைத் தாண்டுவதற்குள் நான் டப்பாவைத் திறந்துவிட்டேன். பொரித்த இறைச்சி உருண்டைகள். லாம்பிஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என் சாப்பாட்டு மேல அவ்வளவு நம்பிக்கை,” என்று சொல்லிவிட்டு நான்கு உருண்டைகளை எடுத்துக்கொண்டான். போகிற வருகிற கப்பல்காரர்கள் எல்லாம் தெமிஸைக் கேலியாக “ஐயா, டிக்கெட்?” என்று கேட்டார்கள். நாக்சோஸ் வந்தது. அவன் கால்கள் தானாகப் படிக்கட்டுப் பக்கம் போயின. நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தச் சட்டை நான் இந்தப் பயணத்துக்காக வாங்கியது. வெளிர்நீலம்.

ப்ராசோவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே வண்டித்தளத்தில் நின்றோம். எண்ணெய் வாடை, சூடு, இரைச்சல். எங்களோடு ஏழெட்டுப் பேர். அவன் இடத்தில் வேறொருவன் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். தெமிஸ் அவனைப் பார்க்கவில்லை, அவன் கைகளைப் பார்த்தான்.

கதவு இறங்கியது. வெளிச்சம் ஒரு கோடாக வந்து அகன்றது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மதில், பதினேழு படிகள், பச்சைக் கதவு, குழாய், மஞ்சள் நாற்காலிகள், மூன்று மரங்கள். எல்லாம் அட்டையில் இருந்தபடியே இருந்தன, நிறத்தோடு. அட்டையில் இல்லாதது காற்று. அது எங்களைப் பின்னுக்குத் தள்ளியது.

துறையில் ஒரு பெண் தனியாக நின்றாள். நாற்பது வயதிருக்கும். கைக்குப் பெரிய தோல் உறைகள். முதல் கயிற்றைப் பிடித்து, வடத்தை இழுத்து, கண்ணியை முளையில் மாட்டிவிட்டாள். இரண்டாவது கயிறு காற்றில் விலகித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசினார்கள். பிடித்தாள். ஆனால் வடம் துறைச்சுவரின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. கப்பல் மெல்லப் பக்கவாட்டில் விலகத் தொடங்கியது. கதவின் நுனி கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. மேலிருந்து யாரோ கத்தினார்கள்.

தெமிஸ் பெட்டியை நடுவழியில் வைத்தான். ஒரு பெட்டி, பிறகு இன்னொரு பெட்டி. கதவின் மேல் நடந்து போனான். அவன் கால் துறையில் பட்டது அவனுக்குத் தெரியாது. நான் பார்த்தேன். முதலில் இடது கால்.

மண்டியிட்டு வடத்தை விளிம்பிலிருந்து விடுவித்தான். இரண்டு பேருமாக இழுத்தார்கள். கண்ணியைத் தலைக்கு மேல் தூக்கி முளையில் போட்டான். வடம் விறைத்தது. கப்பல் நின்றது. நான் இரண்டு பெட்டி, ஒரு மூட்டை, ஒரு தொட்டி எல்லாவற்றோடும் குனிந்து, நின்று, திரும்பிப் பார்த்து, அவன் சொன்ன எல்லாவற்றையும் மீறித் துறையை அடைந்தேன்.

அந்தப் பெண் உறையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கதவுக்காரரா நீங்க?” என்றாள்.

“ஆமா.”

“நான் சேவஸ்தி. நிகித்தாஸ் பொண்ணு. அப்பா சொல்லிட்டுத்தான் போனார். கதவுக்காரர் நாலாந்தேதி பொண்டாட்டியோட வர்றார், என் ரூமைத் திறந்து விடுன்னு.” கழுத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள். அதில் வலைக்குப் போடும் தக்கை கட்டியிருந்தது. “உங்க நம்பரை ஆபீஸ்ல குடுத்தாங்க. நாலாந்தேதி வரத்தானே போறீங்கன்னு விட்டுட்டேன்.”

“அப்பா எப்படி இருக்கார்?” என்றேன்.

“ஆபரேஷன் ஆயிடுச்சு. உங்க ஊருப் பக்கம்தான் இருக்கார், பிரேயஸ்ல எங்க அத்தை வீட்டுல. பால்கனியில உக்காந்து கப்பல் பார்த்துக்கிட்டு இருக்காராம்.” என் கையிலிருந்த தொட்டியைப் பார்த்தாள். “எங்க ஊர்ல இது இல்லேன்னு நினைச்சா கொண்டு வந்தீங்க?”

காப்பிக்கடையிலிருந்து யாரோ வந்து எங்கள் பெட்டிகளையும் விரிப்பு மூட்டையையும் ஒரு சிறு வண்டியில் ஏற்றினார்கள். தார்ப்பாய் மேலே துருத்திக்கொண்டிருந்தது. வண்டி சாலையில் ஏறி, மதிலைச் சுற்றி வளைந்து மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அங்கே கோயிலா, கடலா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

கப்பலில் மணி அடித்தது. கதவில் நின்றவன் கையை உயர்த்தினான். சேவஸ்தி முதல் முளைக்குப் போய்க் கண்ணியைக் கழற்றி நீரில் போட்டாள். இரண்டாவது முளைக்குப் பக்கத்தில் தெமிஸ் நின்றான். வடம் தளர்ந்து அவன் காலடியில் கிடந்தது. சேவஸ்தி அவனைப் பார்த்தாள். வரவில்லை. கதவில் நின்றவனும் பார்த்தான். லாம்பிஸ் மேல்தளத்துக் கம்பியோரம் வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. நான் தொட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன். நானும் கூப்பிடவில்லை.

தெமிஸ் குனிந்து கண்ணியை முளையிலிருந்து எடுத்தான். கனத்த, ஈரமான கண்ணி. இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். புதுச் சட்டையில் தண்ணீர் இறங்கியது. அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

வடம் நீரின் மேல் நெளிந்துகொண்டு கப்பலுக்குள் போனது. கதவு மெதுவாக மேலே ஏறியது. அவன் அதை அண்ணாந்து பார்த்தான். வெளிப்பக்கம் முழுக்கத் துரு. இரும்பு முளையைச் சுற்றிக் கண்ணி விட்டுப்போன ஈர வளையம் ஒன்று இருந்தது. வெயிலில் அது ஒரு பக்கத்திலிருந்து காயத் தொடங்கியது.